பழைய டீப் பிரீசரைப் புதிது என்று விற்றுவிட்டார்கள். வழக்குப் போட்டால் காசு திரும்புமா?

பாலையூற்றுத் தயிர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வீட்டிலிருந்தே தயிர், யோகட், ஐஸ்பழம் செய்து விற்கிறேன். பள்ளிக்கூடம் விடும் நேரம் எங்கள் ஒழுங்கை முகப்பில் மேசை போட்டால் ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் திருகோணமலை டவுனில் ஒரு கடையில் டீப் பிரீசர் எடுத்தேன். விலை 168,000 ரூபா. 60,000 கையில் கொடுத்தேன், மிச்சம் மாதம் 9,000 படி பன்னிரண்டு மாதக் கட்டுக்காசு. பெட்டி உடைக்காத புதுச் சாமான் என்று சொல்லித்தான் தந்தார்கள். பில்லிலும் ‘புதியது’ என்று எழுதியிருக்கிறது.

ஐந்தாவது கிழமை கொம்பிரசர் நின்றுவிட்டது. நாற்பது யோகட்டும் இரண்டு வாளி ஐஸ்பழமும் உருகிப் போயின. கடையிலிருந்து வந்து பார்த்தவர், “கரண்ட் கூடிக் குறைந்திருக்கிறது, இதற்கு வாரண்டி இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று தரம் கடைக்கு ஏறி இறங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

போன ஞாயிறு தெரிந்த டெக்னீசியன் அண்ணா ஒருவரைக் கூப்பிட்டுப் பின்தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். கொம்பிரசரில் குழாய் சேரும் இடத்தில் வெல்டிங் தழும்பு. அதை மறைக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், நகத்தால் சுரண்டினால் உரிகிறது. பின்பக்க ஸ்டிக்கரின் ஒரு மூலை ஈரத்தில் கிளம்பி நின்றது. அண்ணா மெல்லத் தூக்கினார். கீழே இன்னொரு ஸ்டிக்கர். மேலே இருப்பதில் 2025, கீழே இருப்பதில் 2019. சீரியல் நம்பரும் வேறு வேறு.

வாங்கி இன்றோடு 81 நாள். எனக்குக் கோர்ட் படி ஏறிப் பழக்கமில்லை. என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலூரான் எழுதியது:

அக்கா, விடாதீர்கள். 1977க்கு அடித்துச் சொல்லுங்கள். அது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம். நான் ஒருமுறை தண்ணீர்ப் போத்தலுக்காக முறைப்பாடு செய்திருக்கிறேன். அரை லீற்றர் 70 ரூபா, ஒரு லீற்றர் 100 ரூபா என்று 2025 ஏப்ரலில் வர்த்தமானியில் போட்ட பிறகும் ஒரு கடையில் 150 ரூபா வாங்கினார்கள். சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள், வழக்கும் போட்டார்கள், கடைக்காரர் நீதவான் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினார். 2021 திருத்தத்துக்குப் பிறகு கட்டுப்பாட்டு விலையை மீறினால் தனியாளுக்குக் குறைந்தது ஒரு இலட்சம், கூடியது ஐந்து இலட்சம். கம்பனியென்றால் ஐந்து இலட்சத்தில்தான் தொடங்கும்.

கவலை ஒன்றுதான். தண்டக்காசு முழுக்க அரசாங்கத்துக்குப் போனது. என்னுடைய ஐம்பது ரூபா எனக்கு வரவில்லை. ஐம்பது ரூபாவுக்கு நான் அழவில்லை. ஆனால் உங்களுடையது ஒன்றரை இலட்சத்துக்கு மேல்.

கிண்ணியாப் பாலம் எழுதியது:

நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுங்கள் சகோதரி. யூடியூப்பில் ஒரு சட்டத்தரணி தெளிவாகச் சொல்கிறார். இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டாம், சட்டத்தரணி இல்லாமலே வாதாடலாமாம்.

வழக்கேடு எழுதியது:

கிண்ணியாப் பாலம் தம்பிக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்தது இந்தியச் சட்டம். அங்கே 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது. இலங்கையில் நுகர்வோர் நீதிமன்றம் என்று ஒன்று இல்லை. தமிழில் தேடினால் முன்னுக்கு வருவதெல்லாம் தமிழ்நாட்டுப் பதில்கள். அதை நம்பி நாளைத் தவறவிட்டு, பிறகு என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் பலர். அதனால்தான் கொஞ்சம் கடுமையாக எழுதுகிறேன்.

தங்கச்சி, உங்களிடம் இருப்பது ஒன்பது நாள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம், அதன் 13ஆம் பிரிவு. உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளை விற்றால் முறைப்பாடு செய்யலாம். ஆனால் விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் கொடுக்க வேண்டும். 1977க்குப் போன் பண்ணியதோடு நின்றுவிடாதீர்கள். கடைக்காரர் “அடுத்த கிழமை பார்ப்போம்” என்று இழுத்த நாட்களும் இந்த மூன்று மாதத்துக்குள்தான் எண்ணப்படும். பல கடைகள் இழுப்பதே இதற்காகத்தான்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. கடலூரான் சொன்ன தண்டம் வேறு, நீங்கள் கேட்கும் காசு வேறு. அதிகாரிகள் நீதவான் நீதிமன்றத்தில் போடும் வழக்கு கடைக்காரரைத் தண்டிப்பதற்கு. பழையதைப் புதிது என்று சொன்னது, லேபலை மாற்றி ஒட்டியது, இரண்டும் அந்தச் சட்டப்படி குற்றம். 29 முதல் 31 வரையான பிரிவுகளைப் பாருங்கள். 13ஆம் பிரிவு விசாரணை உங்களுக்கானது. இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, பொருளை மாற்றிக் கொடு, அல்லது காசைத் திருப்பிக் கொடு, அல்லது நட்டஈடு கொடு என்று அதிகார சபை உத்தரவிடலாம். அதைக் கடைக்காரர் மதிக்காவிட்டால் விஷயம் நீதவானிடம் போகும். அவர் அந்தத் தொகையைத் தண்டப்பணம் அறவிடுவது போலவே அறவிடுவார். நீங்கள் தனியாக வழக்குப் பேச வேண்டியதில்லை, முத்திரைச் செலவும் இல்லை. மக்கள் அதிகம் அறியாத வழி இது. ஆனால் ஏழை எளியவருக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

முறைப்பாட்டில் என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். “தகுந்த நடவடிக்கை எடுக்கவும்” என்று எழுதினால் தகுந்த நடவடிக்கை ஒரு தண்டத்தோடு முடிந்துவிடும். கட்டிய காசு இவ்வளவு, அதைத் திருப்பித் தரும்படி உத்தரவிடுங்கள், உருகிய சாமானுக்கு இவ்வளவு நட்டஈடு என்று தொகையோடு எழுதுங்கள்.

இன்னொன்று, அந்த ஸ்டிக்கரை இனித் தொடாதீர்கள். கிளம்பிய மூலையோடு அப்படியே இருக்கட்டும். படம் எடுத்துவிட்டு மேலே பொலித்தீன் ஒட்டி விடுங்கள். டெக்னீசியனிடம் பார்த்ததை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மத்தியவீதி வியாபாரி எழுதியது:

நான் இருபது வருடமாக மின்சாதனக் கடை வைத்திருக்கிறேன். மேலே சொன்ன கடை என்னுடையது இல்லை. ஆனாலும் எங்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

எல்லாக் கடைக்காரரும் ஸ்டிக்கர் மாற்றுகிறவர்கள் இல்லை. கொழும்பிலிருந்து லொறியில் பெட்டியோடு வருகிறது, பெட்டியோடு கொடுக்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று பின்தகட்டைக் கழற்றி யார் பார்க்கிறார்கள்? இறக்குமதி செய்தவன் பழசை அனுப்பினால் அவமானம் எனக்கு, இலாபம் அவனுக்கு. திருகோணமலையில் கரண்ட் கூடிக் குறைவதும் உண்மை. ஸ்டெபிலைசர் போடச் சொன்னால் பத்துப் பேரில் எட்டுப் பேர் போடுவதில்லை.

அப்புறம் ஒரு சந்தேகம். இவர் வியாபாரத்துக்காக வாங்கியிருக்கிறார். வியாபாரி எப்படி நுகர்வோர் ஆவார்?

வழக்கேடு எழுதியது:

ஐயா, கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. இந்தியாவில் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோர் என்ற சொல்லுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு. எங்கள் சட்டத்தின் வரைவிலக்கணம் அகலமானது. விலைக்குக் கிடைக்கும் பொருளைப் பயன்படுத்துகிற எவரும், பயன்படுத்தக்கூடிய எவரும் நுகர்வோர்தான்.

இறக்குமதியாளரைப் பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தயிர் விற்கிற பெண் கொழும்புக் கம்பனியைத் தேடிப் போக முடியாது, போகத் தேவையுமில்லை. அவர் உங்களைப் போன்ற ஒருவரிடம் வாங்கினார், விற்றவர் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைக்காரர் தனக்கு விற்றவரிடம் போகட்டும். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் கடைக்காரருக்கும் பொருந்தும். சொன்ன விவரணத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, எழுதாவிட்டாலும் எல்லா விற்பனைக்குள்ளும் இருக்கிறது.

மத்தியவீதி வியாபாரி எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். நானே ஒருமுறை கெட்டுப்போன வாஷிங் மெஷின் பத்தைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு அலைந்து வெறுங்கையோடு வந்தேன். வழக்குப் போடலாம் என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தங்கச்சி, உங்கள் டெக்னீசியன் எழுதுவதில் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். கரண்ட் கூடி எரிந்த கொம்பிரசரின் வைண்டிங் கருகியிருக்கும், திறந்தால் மணமே சொல்லும். கருகாமல் காஸ் கசிந்துதான் நின்றது என்றால் ‘கரண்ட்’ கதை எடுபடாது. அதை அளந்து பார்த்து எழுதட்டும்.

மூதூர்க்காரி எழுதியது:

இதையெல்லாம் வாசிக்கும்போது ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். எங்கள் பக்கத்தில் கோர்ட் என்றால் நாங்கள் போய் நியாயம் கேட்கும் இடமில்லை, கடன் கொடுத்த கம்பனி எங்களை இழுக்கும் இடம். கிழமைக் கடன் எடுத்த பெண்கள் எத்தனை பேருக்கு அழைப்பாணை வந்தது தெரியுமா? 2018இல் அரசாங்கம் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்து, வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைத்த பிறகும் வாசலில் வந்து உட்கார்ந்து கத்தினார்கள். என் சின்னம்மாவுக்கு வந்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டார். வழக்குத் தவணைக்குப் போகவில்லை. இப்போது அவர் 80,000 கட்ட வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. அவர் எடுத்தது 40,000, பாதிக்கு மேல் கட்டியும் விட்டார்.

வழக்கேடு எழுதியது:

அக்கா, இது வேறு விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. சின்னம்மாவுக்கு ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை எப்போது கையில் கொடுக்கப்பட்டது என்று உடனே பாருங்கள். கையில் கிடைத்து 14 நாளுக்குள் அதே நீதிமன்றத்தில் மனுப் போட்டு, வராததற்கு நியாயமான காரணத்தைக் காட்டினால் தீர்ப்பை நீக்கி வழக்கை மறுபடி விசாரிக்கலாம். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை 86ஆம் பிரிவு. அழைப்பாணை சரியாகக் கையளிக்கப்படவே இல்லையென்றால் அதுவும் ஒரு காரணம்தான். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்களே ஆள் போட்டு வாதாடுவார்கள். அரிசி டின்னுக்குள் இருக்கும் எல்லாக் கடதாசியையும் கொண்டு போங்கள், கட்டிய துண்டுகளையும் சேர்த்து.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். வழக்குத் தமிழில் நடக்கும், நீங்கள் தமிழில் பேசலாம். ஆங்கிலக் கடிதத்தைப் பார்த்து யாரும் பயந்து ஒளிந்துகொள்ளத் தேவையில்லை.

தம்பலகாமத்தான் எழுதியது:

காசு திரும்புவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். எங்களுக்கு வேண்டியிருந்தது காசு இல்லை, நிறுத்தம்.

எங்கள் ஊரில் ஒரு அரிசி ஆலை. உமித் தூசி காற்றோடு வந்து கொடியில் காயப்போட்ட துணியில் எல்லாம் படியும். என் பேத்திக்கு மூன்று வயது, இரவில் மூச்சு இழுக்கும். கிணற்றுத் தண்ணீருக்கு மேல் ஆடை மாதிரி மிதக்கும், வாளியை விடுவதற்கு முன் கையால் ஒதுக்க வேண்டும். ஆலைக்காரரிடம் கேட்டோம், பிரதேச சபையிடம் கேட்டோம். ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டோம். பதினான்கு வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம். பதில் வந்தது. அனுமதிப்பத்திரம் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டியிருந்தது.

பிறகு ஒன்பது குடும்பம் சேர்ந்து நீதவான் நீதிமன்றத்துக்குப் போனோம். குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவை 98ஆம் பிரிவு, பொதுத்தொல்லை. “தொல்லையை இத்தனை நாளுக்குள் நீக்கு, இல்லாவிட்டால் வந்து காரணம் சொல்” என்று நீதவான் நிபந்தனைக் கட்டளை கொடுத்தார். நான்கு மாதத்தில் ஆலைக்காரர் தூசிக்கூண்டு கட்டினார். ஒரு சதம் நட்டஈடு கிடைக்கவில்லை. ஆனால் பேத்தி இப்போது தூங்குகிறாள்.

உவர்மலை மாமா எழுதியது:

தம்பலகாமத்தாரின் பதிவை வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது என்று 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. 2019 ஏப்ரலில் தீர்ப்பு. கம்பனி 2 கோடி ரூபா கட்ட வேண்டும் என்று சொன்னார்கள். பாதிக்கப்பட்ட குடியிருப்பாளருக்கு ஆளுக்கு 40,000 ரூபா. மாசாக்கியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கை எங்கள் சட்டத்தில் உறுதியாக இருக்கிறது என்பதற்கு அந்தத் தீர்ப்பு பெரிய சாட்சி. ஆனால் 40,000 ரூபாவுக்குக் கிணறு திரும்புமா? நான் அதை வெற்றி என்று சொல்லத் தயங்குகிறேன்.

கடலூரான் எழுதியது:

மாமா, கப்பலையும் சொல்லுங்கள். இரசாயனம் ஏற்றிவந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் 2021 மே மாதம் எரியத் தொடங்கியபோது எங்கள் வாடியிலும் மீன் வாங்க ஆளில்லை. கப்பல் எரிந்தது மேற்குக் கடலில், இங்கே கிழக்கில் பிடித்த மீனைக்கூடச் சனம் தொடப் பயந்தது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் கட்டச் சொன்னது. கம்பனி கட்டமாட்டேன் என்றது. தீர்ப்பை வாங்குவது ஒன்று, அதைக் காசாக்குவது இன்னொன்று. அதனால்தான் அக்காவின் விஷயத்தில் நீதவான் தண்டம் போல அறவிடுவார் என்று வழக்கேடு அண்ணா சொன்னது எனக்குப் பெரிதாகப் பட்டது.

கிண்ணியாப் பாலம் எழுதியது:

மேலே நான் எழுதியது பிழை, மன்னிக்கவும். ஆனால் ஒன்று கேட்கிறேன். கடையின் பெயரோடு பேஸ்புக்கில் போட்டால் ஒரே நாளில் காசு வருமே? மிச்சக் கட்டுக்காசையும் நிறுத்திவிட்டால் தானாக வழிக்கு வருவார்கள்.

வழக்கேடு எழுதியது:

இரண்டும் வேண்டாம். கட்டுக்காசை நிறுத்தினால் நாளை “இவர்தான் தவறினார்” என்று கடை உங்கள் மேல் வழக்குப் போடும், மூதூர் அக்கா சொன்ன கதை திரும்பும். கட்டுங்கள், ஆனால் ‘எனது ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். பெயர் போடுவதைப் பொறுத்தவரை, குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டாலும் மாவட்ட நீதிமன்றத்தில் மானநட்ட வழக்குப் போட முடியும். விசாரணை முடியும் வரை பொறுத்திருங்கள்.

மூன்று மாதம் தாண்டிய பிறகு இதை வாசிப்பவர்களுக்கும் ஒரு சொல். உங்களுக்கு எல்லாம் முடிந்துவிடவில்லை. மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. எழுத்தில் உள்ள ஒப்பந்தமென்றால் ஆறு வருடம், வாய்மொழி என்றால் மூன்று வருடம். கம்பனியின் தலைமையகம் கொழும்பில் இருந்தாலும் வியாபாரம் திருகோணமலையில் நடந்தால் இங்கேயே வழக்கிடலாம். சிறிய தொகையென்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், சரிவராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழோடு வர வேண்டும். நேரம் எடுக்கும். ஒன்பது நாள் கையில் இருக்கிறவர் அந்த நீண்ட வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

பாலையூற்றுத் தயிர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று, 84ஆவது நாள், கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்தில் இருக்கும் அதிகார சபை அலுவலகத்துக்குப் போனேன். தமிழில் இரண்டு பக்கம் எழுதி, தொகையெல்லாம் போட்டு, பில் பிரதி, கட்டிய துண்டுகள், ஸ்டிக்கர் படம், டெக்னீசியன் அண்ணாவின் கடிதம் எல்லாம் இணைத்துக் கொடுத்தேன். மத்தியவீதி ஐயா சொன்னபடியே அளந்து பார்த்தோம். வைண்டிங் கருகவில்லை, காஸ்தான் இல்லை. என் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பின்னேரம் கடையிலிருந்து போன் வந்தது. இலவசமாகத் திருத்தித் தருகிறோம், முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். சொல்ல வேண்டியதை எழுத்தில் தாருங்கள், விசாரணையில் பார்ப்போம் என்றேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

கச்சேரியில் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு அக்கா, கையில் பிரிட்ஜ் பில். அதே கடை. அவருக்கு இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சீனன்குடா விமலி எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை வாசித்துவிட்டு எங்கள் பிரீசரைச் சுவரிலிருந்து இழுத்துப் பார்த்தேன். ஸ்டிக்கர் தடிப்பாக இருக்கிறது, ஓரத்தில் இரண்டு விளிம்பு தெரிகிறது. வாங்கியது டவுனில், 70 நாள் முன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். ஸ்டிக்கரைத் தூக்கிப் பார்க்கவா?

பாலையூற்றுத் தயிர்க்காரி எழுதியது:

தனிமடல் பார்த்தேன் தங்கச்சி, அதே கடைதான். தூக்க வேண்டாம். அப்படியே விட்டுப் படம் மட்டும் எடுங்கள். டெக்னீசியன் அண்ணாவிடம் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் முன்னால் திறப்பார். புதன் காலை ஒன்பது மணிக்குக் கச்சேரி வாசலில் நிற்பேன், பிரிட்ஜ் அக்காவும் வருகிறார். பில்லின் மூலத்தையும் கொண்டு வாருங்கள், பிரதியை மட்டும் நம்பி வர வேண்டாம்.